பாலாற்று நீரும் நமது பொறுப்பும்



ஒளுச் செய்ய அமரும்போது உங்கள் உள்ளங்கையில் ஏந்தும் நீரை ஒரு கணமேனும் உற்று நோக்கியதுண்டா? தூய நீர் எது என்பதை அறிய நம் மார்க்கச் சட்ட நூல்கள் மூன்று அடையாளங்களைக் கூறுகின்றன: நிறம், சுவை, மணம். அசுத்தம் கலந்து இம்மூன்றில் ஒன்று மாறிவிட்டாலும், அந்நீர் எத்துணை மிகுதியாக இருப்பினும், ஒளுவுக்கும் குளிப்புக்கும் தகுதியற்றதாகிவிடுகிறது. மக்தபில் ஓதும் சிறுவரும் அறிந்த பாடம் இது. இப்பாடத்தை மனத்திற்கொண்டு, நம் சமுதாயத்தினர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் ஓர் ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை வழியாகக் கடலை நோக்கிச் செல்வது பாலாறு. சுமார் 348 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியும் வறண்ட மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். ஆயினும் மணலுக்கடியில் ஊற்றுநீர் ஓடிக்கொண்டிருக்கும். கரையோரக் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் அந்த மறைநீரே உயிர்நாடி.

தொழில் தந்த வாழ்வு

இக்கரையில் தழைத்தது தோல் பதனிடும் தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்துவதே முன்னோர் கையாண்ட முறை. அத்தொழிலால் ஆயிரக்கணக்கான இல்லங்களில் அடுப்பெரிந்தது. கல்வியும் வளர்ந்தது. தோல் வணிகத்தில் சிறந்து விளங்கிய வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரை மேல்விஷாரத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட கல்லூரி இன்றும் தாங்கி நிற்கிறது. இத்தொழில் செய்த நன்மையை மறப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் அது விளைவித்த தீமையை மறைப்பதும் நீதியன்று.

மாசு வந்த வழி

1970-களில், பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் பிறந்தது. பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையை மிகக் குறைந்த காலத்தில் முடித்துவிடும் குரோமிய உப்பு முறை எங்கும் பரவிற்று.

தோல் கெடாதிருக்க உப்பு, உரோமத்தை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமியம், பின்னர் சாயங்கள். இவற்றுள் தோல் ஏற்றுக்கொண்டது போக எஞ்சியவை அனைத்தும் கழிவுநீரில் கலந்தன. வற்றாது ஓடும் ஆறாயின் ஓரளவேனும் அடித்துச் சென்றிருக்கும். பாலாறோ ஓடாத ஆறு! கழிவு மணலில் இறங்கியது. மணலிலிருந்து ஊற்றுக்குச் சென்றது. ஊற்றிலிருந்து கிணற்றை அடைந்தது.

நாம் ஓதிய மூன்று அடையாளங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். சாயம் நீரின் நிறத்தை மாற்றிற்று. உப்பு சுவையை மாற்றிற்று. சல்பைடு மணத்தை மாற்றிற்று. ஒன்று மாறினாலே ஆகாது என்ற நீரில் மூன்றுமே மாறிவிட்டன!

விளைவுகள்

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. குரோமிய முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன. தோல் தொழிற்பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் செய்திகள் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளன. தோல் தொழில் நடைபெறும் மற்றொரு பகுதியான திண்டுக்கல் வட்டாரத்தையும் அது குறிப்பிடுகிறது. அங்கு 13 கிராமங்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன.

மாசு செய்தவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்பது அத்தீர்ப்பு நிலைநாட்டிய கோட்பாடு. ஆயினும் பாதிக்கப்பட்டோரின் துயர் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. உரிய இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் அரசு வழங்கி, அத்தொகையை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. கிணறு கெட்டபோது இளைஞனாயிருந்த உழவன், நீதி வருவதற்குள் முதியவனாகிவிட்டான்!

காற்றும் தப்பவில்லை

சல்பைடு கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. சிறிதளவு இருக்கையில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ, மூக்கின் நுகரும் ஆற்றலையே அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென எண்ணிக் கழிவுத் தொட்டியில் இறங்கும் தொழிலாளி உயிருடன் திரும்புவதில்லை.

தண்ணீரிலும் இதே நிலைதான். நுண்ணளவில் கரைந்த குரோமியத்தைக் கண்ணும் நாவும் மூக்கும் கண்டுகொள்வதில்லை. குரோமியத்தில் ஒரு வகை புற்றுநோய் உண்டாக்க வல்லது. அவ்வகை கலந்த 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, 1995-இல் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில், இராணிப்பேட்டையில் பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்தது. அதே ஊரில் 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர்.

தடுக்கும் வழிகள்

தொழிலை மூடிவிடுவது ஒன்றே வழியன்று. தோலில் படிந்துள்ள உப்பை நனைக்கும் முன்பே உதறி நீக்கலாம். எஞ்சிய குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது உள்ளன. அவற்றிற்குக் கழிவு முழுவதையும் அனுப்ப வேண்டும். இரவின் இருளிலும் மழையின் மறைவிலும் திறந்துவிடும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். வாயுவைச் சோதிக்காமலும் உரிய காப்புச் சாதனம் இன்றியும் எவரையும் தொட்டியில் இறக்கலாகாது.

இல்லத்தரசிகளே! உங்கள் பகுதிக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியுமேயன்றி, உப்போ குரோமியமோ அகலாது. நீர் ஆவியாக ஆக அவற்றின் செறிவு கூடவே செய்யும். தோல் துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் தெருவில் கொளுத்தாதீர்கள். விறகடுப்பாயின் புகைபோக்கி அமையுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே! பள்ளிவாசல் கூரையில் விழும் மழைநீரை நிலத்திற்குள் செலுத்துங்கள். ஒளுச் செய்த நீரைச் சாக்கடையில் விடாது மரங்களுக்குப் பாய்ச்சுங்கள். ஜும்ஆ மேடைகளில் இப்பொருள் குறித்தும் பேசச் செய்யுங்கள்.

அடியார்களின் உரிமை

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு மனிதனின் சிறு அசுத்தத்திற்கே அத்தடையெனில், ஓர் ஆற்றின் மறைநீரையே கெடுப்பதை என்னென்பது?

இறைவனுக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறினால் அவனிடம் மன்னிப்புக் கோரலாம். பிறர் உரிமையைப் பறித்தாலோ, பறிகொடுத்தவரிடம் கணக்குத் தீர்த்தாக வேண்டும் என்பது நாம் அறிந்த நெறி. கல்விக்கூடத்திற்கு வாரி வழங்கியது தர்மம். உழவனின் கிணற்றைக் கெடுத்தது கடன். தர்மம் எவ்வளவு பெரிதாயினும் கடன் கடனாகவே நிற்கும். அந்த உழவன் எம்மதத்தவனாயினும் நம் அண்டை வீட்டான் அல்லவா?

கடனைத் தீர்ப்போம், எஞ்சியுள்ள நீரையும் காற்றையும் காப்போம். நம் பேரப்பிள்ளைகள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, அந்நீரில் ஐயமின்றி ஒளுச் செய்யும் நாளைக் காண வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.