பச்சை வாசம் போகும்வரை: ஒரு வாழ்க்கை எழுத்தாவது எப்படி?

கேமரன் மலையின் தானா ராத்தாவில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் நான்கு தேயிலைச் செடிகள் நிற்கின்றன. வேலிக்கென்று நட்டவை. வருஷத்தில் நாலைந்து தடவை அவற்றில் கொழுந்து கிள்ளி வீட்டிலேயே தூள் செய்வேன். தொழிற்சாலையில் பெரிய பெரிய எந்திரங்கள் செய்கிற வேலைக்கு வீட்டில் ஒரு முறமும் ஓர் ஈரத்துணியும் ஒரு குவாலிச் சட்டியும் போதும். பாட்டி கற்றுக்கொடுத்தது. ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர் அவர்.

எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையும், சமூகத்தை அவர் பார்க்கும் விதமும் எழுத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த முறத்தைத்தான் காட்டுவேன். பலர் அதைச் சீனி போடுவது மாதிரி நினைக்கிறார்கள். கதை ஒரு பக்கம் கொதிக்கிறதாம்; எழுதுகிறவர் அனுபவத்தில் ஒரு கரண்டி, கொள்கையில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்குகிறாராம். அப்படிக் கலக்கிய கதைகளை நானும் படித்திருக்கிறேன். அடியில் கரையாமல் கிடக்கும். நல்ல எழுத்தில் நடப்பது வேறு. அது இலைக்குள்ளேயே நடக்கிறது.

முதல் வேலை கிள்ளுவது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். செடி ஒன்றுதான் என்றாலும், எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக் கொழுந்துதான் கைக்கு எட்டும். ஒரே தோட்டத்தைத் துரை பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்க்கலாம். கணக்கெழுதும் கிராணியின் மேசையிலிருந்து பார்க்கலாம். தொழிலாளர் லயத்து வாசலிலிருந்தும் பார்க்கலாம். மூன்று பேர் கூடையிலும் விழுவது மூன்று விதமான இலை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்றி ஃபொக்கொனியே சிலாங்கூரில் தோட்டம் வைத்திருந்த துரை. 1930இல் வந்த அவருடைய 'மலேசி' நாவலுக்கு அதே ஆண்டு கொன்கூர் பரிசு கிடைத்தது. மலாயாவின் காட்டையும் வெயிலையும் மனிதர்களையும் அவர் உண்மையாகவே நேசித்தார். ஆனாலும் அந்த நேசம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த நேசம். இலங்கையின் சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் ஒரு கங்காணிக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார், தொழிற்சங்கத்தில் உழைத்தார், 1947இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அவருடைய மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. கங்காணி வீட்டுப் பிள்ளைக்குக் கொழுந்துக்காரர்களின் பாட்டு ஒரு சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். பின்னாளில் அவர் அந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அவற்றை ஆள்பவர்களுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் எழுதினார்.

கிள்ளிய கொழுந்தை உடனே பிசையக் கூடாது. முறத்தில் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் இரவு முழுக்க வாடவிட வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதில் கொஞ்சம் போனால்தான் இலை துவண்டு கொடுக்கும். காம்பை வளைத்துப் பார்த்தால் பதம் தெரியும். 'டக்'கென்று ஒடிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பட்டுநூல் மாதிரி வளைந்தால் சரி.

எழுத்தில் இந்த வாடல் எத்தனை வருஷம் பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் இளவயதில் மேடானுக்குப் போனார். போரை அங்கே பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை வேலையில் இருந்தார். 'புயலிலே ஒரு தோணி' அச்சில் வந்தது 1972இல். மருத்துவர் பி. எச். டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர். வால்பாறைத் தொழிலாளர்களின் கதையைச் சொல்லும் அவருடைய ஆங்கில நாவல் 'ரெட் டீ' 1969இல் வந்தது. இரா. முருகவேளின் கையால் அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர 2007 ஆகிவிட்டது. அழுகையும் ஆத்திரமும் தண்ணீர் மாதிரி. அவை வற்றட்டும் என்று காத்திருந்தவர்கள் இவர்கள். எல்லாருக்கும் இவ்வளவு காலம் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஈரத்தோடு பிசைந்த இலையை என் கையாலேயே பல தடவை கெடுத்திருக்கிறேன். அது கூழாகிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான காரியம். பிசைவது.

வாடிய இலையை உள்ளங்கைக்குள் அடைத்து, கவிழ்த்துப் போட்ட முறத்தின் முதுகில் வைத்து, ஒரே திசையில் உருட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கை பிசுபிசுக்கும். பத்து நிமிஷத்தில் பச்சைச் சாறு மணிக்கட்டு வரைக்கும் வழியும். புல் வெட்டிய மைதானத்து வாசம் அடிக்கும். "பச்ச வாசம் போற வரைக்கும் கைய எடுத்துறாதய்யா" என்பார் பாட்டி. இருபது நிமிஷம் போனால் தோள்பட்டை வலி எடுக்கும். அப்புறம் ஈரத்துணி போட்டு மூடிவைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பச்சை மங்கிச் செம்பு நிறம் ஏறும். துணியைத் தூக்கினால் பழுத்த பழத்தின் மணம்.

எங்கிருந்து வந்தது அது? நாம் எதையும் சேர்க்கவில்லையே! உயிரோடிருக்கும் இலையின் ஒவ்வோர் உயிரணுவிலும் துவர்ப்புப் பொருள்கள் ஓர் அறையில் இருக்கின்றன. அவற்றை மாற்றக்கூடிய நொதி இன்னோர் அறையில் இருக்கிறது. நடுவே சுவர். கசக்கும்போது சுவர் உடைகிறது. இரண்டும் கலக்கின்றன, காற்று படுகிறது, நிறம் மாறுகிறது, மணம் பிறக்கிறது. நசுக்காத இலையில் இரண்டுமே இருந்தும் தேநீர் இல்லை.

வாழ்க்கை அந்தத் துவர்ப்பு. சமூகப் பார்வை அந்த நொதி. ஒருவருக்கு நடந்ததும் அவர் நம்புவதும் அநேகமாக வேறு வேறு அறைகளில்தான் இருக்கும். காலையில் ஒரு துக்கம் நடக்கும், மாலையில் சங்கக் கூட்டத்தில் பேசுவார். இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் அப்படியே நிற்கும். ஏதோ ஓர் அழுத்தம் அதை உடைக்கிற இடத்தில் எழுத்து தொடங்குகிறது.

டேனியலிடம் இது தெளிவாகத் தெரிகிறது. மருத்துவராக அவர் பார்த்தது உடம்புகளை: மலேரியா, பேதி, குளிரில் நனைந்த பிள்ளைகள். அது அவருடைய அன்றாடம். தொழிலாளர்கள் சங்கம் சேர வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காக உழைக்கவும் செய்தார். இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்ததால்தான் அந்த நாவலில் சுரண்டல் என்பது கோஷமாக வரவில்லை, காய்ச்சலாக வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கிளம்பும் கருப்பனும் வள்ளியும் முன்பணக் கடனில் சிக்குவதை நாம் கணக்குப் புத்தகத்தில் படிப்பதில்லை. அவர்கள் மெலிவதில் படிக்கிறோம். ஒரு வழக்கறிஞர் எழுதியிருந்தால் ஒப்பந்தத்தில் தொடங்கியிருப்பார்.

இன்னொரு கை பட்டால் அதே இலை என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாவலே சாட்சி. 2013இல் பாலா இதைத் தழுவி 'பரதேசி' எடுத்தார். நாவலில் நோயை எதிர்த்து நிற்கும் மருத்துவரின் இடத்துக்குப் படத்தில் மதம் மாற்ற வரும் மருத்துவர் வந்தார். கண்டனங்கள் எழுந்தன, எனக்கும் அது வலித்தது. நாவலின் மருத்துவர் டேனியலின் சொந்த வாழ்க்கையிலிருந்து கிள்ளிய கொழுந்து என்று நம்புகிறேன். படம் எடுத்தவருக்கு வேறு பார்வை இருந்தது. வேறு நிறம் ஏறிவிட்டது.

சில சமயம் எந்த இலை எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியாது. பியேர் பூல் 1936இல் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சு எஞ்சினியர். போர்க்காலத்தில் சுதந்திர பிரான்சுக்காக ரகசிய வேலைக்குப் போய், இந்தோசீனாவில் பிடிபட்டார். பிடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர், எதிரியோடு ஒத்துப்போன விஷி அரசுக்கு விசுவாசமான சொந்த நாட்டு அதிகாரிகள். 1944இல் தப்பினார். கைதிகளையும் ஆசியக் கூலிகளையும் வைத்து ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் அவர் வேலை செய்ததே இல்லை. இருந்தும் 1952இல் அந்தப் பாதையை வைத்து 'க்வாய் நதிப் பாலம்' எழுதினார். எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுப்பதில் பெருமை தேடும் ஆங்கிலேயக் கர்னலைப் படைத்தபோது, எதிரியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அதிகாரிகள்தான் அவர் மனசில் இருந்தார்கள். தன்னைச் சுட்ட நெருப்பை இன்னொரு நாட்டுச் சீருடைக்குள் வைத்தார்.

சரி, அவர் கூடையில் விழாதது எது? 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் கைதிகளைவிட ஆசியக் கூலிகள் பல மடங்கு செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். தமிழர்கள் பால்வெட்டிய தோட்டங்களில் வேலை பார்த்தவர்தான் பூல். ஆனாலும் அவருடைய காயம் அதிகாரியின் காயம். கதையும் அதிகாரிகளின் கதையாயிற்று. தமிழனை நடுவில் வைத்து அந்தப் பாதையை எழுத ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வேண்டியிருந்தது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' வேண்டியிருந்தது. போனவர் திரும்பாத வீடுகள் இருந்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். பூலை நான் குறை சொல்லவில்லை. அவருடைய நாவல் பெரிய நாவல். உலகம் அந்த ரயிலை பெரும்பாலும் அவர் வழியாகவே அறிந்திருப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். பினாங்கில் பிறந்த டான் ட்வான் எங் 2012இல் வெளியிட்ட 'த கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' கேமரன் மலையில் நடக்கிறது. அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போன நாவல். அதில் மஜூபா என்றொரு தேயிலைத் தோட்டம் வருகிறது. அதன் சொந்தக்காரர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த போயர். நிஜத்தில் இங்கே 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல் ஆங்கிலேயர். அப்படியானால் போயர் எங்கிருந்து வந்தார்? டான் தென்னாப்பிரிக்காவில் பல காலம் வாழ்ந்தவர். 1881இல் போயர்கள் ஆங்கிலேயரைத் தோற்கடித்த குன்றின் பெயர்தான் மஜூபா. தோற்றவர், ஆண்டவர், அடைபட்டவர் என்று ஒவ்வொருவரும் வேறொருவருக்கு முகாம் அதிகாரியாக இருந்திருக்கிறார்கள் என்ற அவருடைய பார்வைக்கு அந்த இலை தேவைப்பட்டது. அவர் வழக்கறிஞராக இருந்தவர். கதை சொல்பவளோ ஓய்வுபெற்ற நீதிபதி. ஜப்பானிய முகாமில் அக்காவைப் பறிகொடுத்துத் தான் மட்டும் பிழைத்தவள். மன்னிப்பைச் சாட்சியம் விசாரிப்பது போல விசாரிக்கிறாள்.

அதற்காக அந்த நீதிபதிதான் டான் என்று எண்ணிவிடக் கூடாது. கோப்பையில் இருக்கும் தேநீரைத் திரும்ப இலையாக்க முடியாது. 'இந்தப் பாத்திரம் நிஜத்தில் யார்?' என்று துப்புத் துலக்கும் வாசகர்கள் அந்த முயற்சியில்தான் நேரத்தை விடுகிறார்கள். நிறம் ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

அந்த நாவலில் கொழுந்து எடுக்கும் தமிழர்கள் பின்னணியில் நகர்கிறார்கள். பனி, மலைச்சரிவு, கூடைகள். என் பாட்டியை அங்கே தேடினேன். தூரத்தில், முதுகு மட்டும் தெரிந்தது.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செம்பு நிறம் ஏறியதும் குவாலியில் இளஞ்சூட்டில் போட்டுக் கிளற வேண்டும். சூடு நொதியைக் கொன்று மாற்றத்தை நிறுத்தும். இதையே பிசைவதற்கு முன்னாலேயே செய்தால் இலை பச்சையாகவே நின்றுபோகும். பச்சைத் தேயிலை அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கென்று ஒரு ருசி உண்டு. ஆனால் கதையில் தீர்ப்பு என்னும் நெருப்பு முதலிலேயே வந்துவிட்டால் அப்புறம் எதுவும் மாறாது. துரை கெட்டவர், தொழிலாளி நல்லவர் என்று முதல் பக்கத்திலேயே வறுத்துவிட்ட தோட்டக் கதைகள் நம்மிடம் நிறைய. எழுதியவர்களின் கோபம் நியாயமானது. அதைக் கதைக்குள் வளரவிடாமல் அவசரமாக அடுப்பில் ஏற்றிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. தேயிலைத் தோட்டங்களில் காலங்காலமாகக் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேலே நான் பேர் சொன்ன எழுத்தாளர்கள் எல்லாரும் ஆண்கள். பாட்டி விடியுமுன் எழுந்து பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போனவர். இடுப்பில் கட்டிய சாக்குத்துணி பனியில் நனைந்து முழங்காலில் உரசி உரசி உண்டான தழும்பைக் கடைசிவரை தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அந்தத் தழும்பை நான் எழுதினாலும் அது பார்த்தவனின் எழுத்து, பட்டவளின் எழுத்து ஆகாது.

இப்போது இந்தச் சரிவுகளில் எந்திரக் கத்தரி பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் தெருமுனைக் கடைக்குத் தே குடிக்க வரும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியில் கவிதை எழுதுகிறார். போன வாரம் ஒன்றைக் காட்டினார். அந்த எழுத்து எனக்குத் தெரியாது. மலாய் மொழியில் அவரே பொருள் சொன்னார். ஊரில் அவருடைய அம்மா பாத்திரம் விளக்கும்போது கேட்கும் வளையல் சத்தம்தான் கவிதை முழுவதும்.

"தேயிலை பத்தி ஒன்னும் எழுதலையா?" என்றேன்.

"இன்னும் வரல அண்ணே" என்றார். அவர் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.