மலிவான துப்பாக்கியை மதிப்பிடுவது எப்படி?

குறிஞ்சித் திணைப் பாடல்களைப் பயின்றோர்க்குப் புனங்காவல் புதிய செய்தியன்று. பகலில் கிளியை ஓட்டக் கவணும் தட்டையும் இருந்தன. இரவில் பன்றியை விரட்டக் கானவன் பரணில் விழித்திருந்தான். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அக்காவல் ஓயவில்லை. பொதிகையின் மேற்குச் சரிவில், நம் திருவனந்தபுரம் மாவட்டத்து விதுரை, பாலோடு, ஆரியநாடு ஆகிய ஊர்ப் பக்கங்களில் மரச்சீனியும் வாழையும் சேனையும் பயிரிடுவோர் இன்றும் உறக்கமிழந்து காவல் இருக்கின்றனர். ஓர் இரவில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால், ஆண்டு முழுதும் பாடுபட்ட மரச்சீனி விளை உழுதுபோட்டது போலாகிவிடும்.

அவ்வாறு துன்புறுவோருள் என் மாமாவும் ஒருவர். “மருமகனே, விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று உண்டாமே, அது தேறுமா? நீ பௌதிகம் படிக்கிறவனாயிற்றே, பார்த்துச் சொல்” என்றார். அவருக்குச் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி நம் மன்றத்து அன்பர்களுக்கும் தருகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. உயிருக்கோ பயிருக்கோ கேடு செய்யும் விலங்கை, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான ஆணை பெற்றுச் சுடுவதற்கு மட்டும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு வழி விடுகிறது. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை இவ்வதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கும் வழங்கக் கேரள அரசு 2022 மே மாதத்தில் முடிவு செய்தது. சுடுபவர் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவராயிருத்தல் வேண்டும். நஞ்சு, வெடி, மின்கம்பி மூன்றும் கூடா. இக்குறுகிய வாயிலுக்குள் நின்றே நாம் துப்பாக்கியை ஆராய்கிறோம்.

மாமா குறிப்பிட்டது வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். 1904-இல் தோன்றிய அத்தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது. .315 என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். அதாவது 8 மில்லிமீட்டர். இவ்வளவு எப்படி வந்தது? ஆங்கிலேயரின் படை .303 தோட்டாவைப் பயன்படுத்தியது. அது குடிகளின் கைக்குப் போவதை ஆட்சியாளர் விரும்பவில்லை. ஆகவே ஆஸ்திரியாவின் பழைய மான்லிகர் தோட்டாவைத் தழுவிய வேறோர் அளவு குடிமக்களுக்கென வழங்கலாயிற்று. ஆண்டவர் அச்சத்தில் பிறந்த அளவு, அவர் போன பின்னும் நிலைத்துவிட்டது! துப்பாக்கியின் அமைப்போ அவர்களது படை சுமந்த லீ-என்பீல்டையே ஒத்தது.

இதன் இயக்கம் எளிது. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் கீழேயுள்ள பெட்டியிலிருந்து புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியை மடக்கினால் தாழ் விழுந்துவிடும். பெட்டி ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். உறுப்புகள் சில, தாழைக் கழற்றிக் குழலைத் துடைப்பதும் எளிது. இரு பருவமும் மழை பெய்யும் நம் ஊரில் துருவே துப்பாக்கிக்கு முதற்பகையாதலால், இது சிறு நன்மையன்று.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். முதல் சோதனை, குறி தவறாமை. உரிமம் பெற்ற சுடுதளத்தில் மணல்மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, 50 மீட்டரில் ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே கணக்கு. புள்ளியை விட்டு ஒருபுறமாய் விழுந்தால் குறிமுள்ளைத் திருத்திக்கொள்ளலாம். சிதறி விழுந்தால் திருத்த இயலாது. பன்றியின் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு தேங்காயளவு, 15 சென்டிமீட்டர் எனலாம். பரணிலிருந்து சுடும் தொலைவோ பெரும்பாலும் 50 மீட்டருக்கு உட்பட்டது. அங்கே 5, 6 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்தும் விழுமாயின், அத்துப்பாக்கி இவ்வேலைக்குத் தேறியது. இதைவிட நுட்பத்துக்குப் பெரும்பொருள் கொடுப்பது, கடையில் அரிசி நிறுக்கப் பொற்கொல்லன் தராசு வாங்குவதை ஒக்கும்.

இரண்டாவது, ஆற்றல். ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 600 மீட்டர் அளவில் புறப்படுகிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: 2,800 ஜூலுக்கு மேல் வரும். பன்றிக்கு இது தாராளம். 50 மீட்டர் செல்வதற்குள் குண்டு நாலு சென்டிமீட்டரளவே தாழ்கிறது. 100 மீட்டரிலோ ஒரு சாணை நெருங்குகிறது.

மூன்றாவது, விசை. அது மிகக் கனமாயிருந்தால், இழுக்கும்போது குழல் அசைந்து குறி பிசகும். இத்துப்பாக்கியின்மீது பலர் கூறும் குறை இதுவே. மரக்கட்டையின் இழைப்பும் கரடு என்பார்கள். இரண்டும் உண்மையே. வாங்குமுன் தோட்டாவின்றிப் பலமுறை இழுத்துப் பார்ப்பது நலம். ஒரே தொழிற்சாலையில் செய்தவையாயினும் ஒன்று போல் மற்றொன்று இராது.

இம்மூன்றோடு நிறுத்தினால் விலைக்கு ஏற்ற பொருள் என்று முடித்துவிடலாம். ஆனால் நான்காவது சோதனை துப்பாக்கியில் இல்லை; அதைச் சுடும் நிலத்தில் இருக்கிறது. குண்டு பன்றியைத் துளைத்துச் செல்லலாம், தவறியும் போகலாம். அதன்பின் எங்கே போகும்? தடுப்பு எதுவும் இல்லாவிடில் இத்தகைய குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் பறக்க வல்லது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி நம் மாவட்டத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு 1,508 பேர் வாழ்கின்றனர். கேரளத்திலேயே இதுவே மிகுந்த நெருக்கம். இரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 12.6 சதுரக் கிலோமீட்டர். சராசரிக் கணக்கில் அதனுள் 19,000 உயிர்கள்! வடநாட்டுச் சமவெளியில் ஊர்கள் திரண்டிருக்கும். இடையே வயல்வெளி கிடக்கும். இங்கோ தோட்டந்தோறும் வீடு. வீட்டுக்கு வீடு வேலி. இருளில் பன்றிக்குப் பின்னே தெரியும் கருமை, மண்மேடா, அயலாரின் சுவரா?

பரணின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. தரையில் நின்று 20 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறக்குறைய நிலத்துக்கு இணையாகவே செல்லும். வெட்டுக்கல்லில் பட்டால் தெறித்துப் பறக்கும். ஐந்து மீட்டர் உயரப் பரணிலிருந்து அதே தொலைவில் சுட்டால், 13 பாகை சாய்வில் பன்றிக்குச் சற்றுப் பின்னே மண்ணில் புதைய வாய்ப்பு மிகுதி. காசு அதிகம் கொடுத்து வெளிநாட்டுப் பழந்துப்பாக்கி வாங்கினாலும் இப்பாதுகாப்பு கிடைக்காது. நாலு மூங்கிலும் கயிறும் அதைத் தருகின்றன.

வீடுகள் நெருங்கிய இடத்துக்குப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியே ஏற்றது. அதன் உருண்டைக் குண்டுகள் விரைவில் வேகமிழப்பவை. முப்பது மீட்டருக்குள் சுட வேண்டும் என்பது குறையாயினும், அக்குறையே அயலாருக்குக் காவல்.

ஆகவே மாமாவுக்கு நான் தந்த விடை இது. “மாமா, துப்பாக்கி தேறிவிட்டது, நம் விளை தேறவில்லை. கிழக்கே மலைச்சரிவு தடுப்பாக நிற்கும் மேல்விளை உள்ளவர் அதை வாங்கலாம். நமக்கு மூன்று பக்கமும் வீடு. வேலியை முதலில் செப்பனிடுவோம். பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, பட்டியலில் உள்ள உரிமக்காரரைப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியுடன் அழைப்போம்.” மாமா முழு மனத்தோடு இசைந்தார் என்று கூற முடியாது. ஆயினும் மறுவாரம் வேலிக்குக் கல்தூண் விலை விசாரித்து வந்தார்.