ஓட்டுநரில்லா ஊர்திகளில் அவசரப் பணியாளர் இடைமுகம்

அவசரப் பணியாளர் இடைமுகம் என்பது, ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் ஓட்டுநரில்லா ஊர்தியுடன் தொடர்புகொண்டு, அதை விலகச் செய்யவோ நிறுத்தவோ நகர்த்தவோ உதவும் ஏற்பாடுகளின் தொகுப்பாகும். ஒலிவாங்கி, வெளிப்புறத் திரை, பேச்சுக் கருவி, தொலைநிலை உதவி மையம் ஆகியவை இதில் அடங்கும்.

தேவை

ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது பெரும்பாலும் மனிதர்களுக்கு இடையே நடக்கும் உரையாடல். சைரன் கேட்டதும் ஓட்டுநர் ஒதுங்குகிறார். ஊழியர் கையசைத்தால் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தால் இந்த உரையாடல் அறுந்துபோகிறது. இதயத் துடிப்பு நின்ற ஒருவருக்கு இதய இயக்க மீட்பும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. எனவே சாலையில் நேரும் சிறு தாமதமும் உயிரைப் பாதிக்கக்கூடியது.

சான் பிரான்சிஸ்கோ அனுபவம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வேமோ, குரூஸ் ஆகிய நிறுவனங்கள் நாள் முழுவதும் கட்டணச் சேவை நடத்த 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிபோர்னியா மாநில ஆணையம் அனுமதித்தது. இவ்வூர்திகள் தங்கள் பணிக்கு இடையூறு செய்வதாக நகரத் தீயணைப்புத் துறை அதற்கு முன்பே முறையிட்டிருந்தது. அனுமதி கிடைத்த ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, குரூஸ் ஊர்தி ஒன்றும் அவசரப் பணிக்குச் சென்ற தீயணைப்பு வண்டியும் மோதிக்கொண்டன.

அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் மோதியதால் தூக்கியெறியப்பட்ட பெண் ஒருவர் குரூஸ் ஊர்தியின் முன் விழுந்தார். அவர்மீது மோதி நின்ற ஊர்தி, அவர் அடியில் இருப்பதை உணராமல் ஓரங்கட்ட முயன்று, அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. அக்டோபர் 24 அன்று அந்நிறுவனத்தின் ஓட்டுநரில்லா இயக்க உரிமம் இடைநிறுத்தப்பட்டது. சில வேளைகளில் விலகுவதைவிட அசையாமல் நிற்பதே உயிர்காக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வடிவமைப்புக் கூறுகள்

• கண்டறிதல்: ஒலிவாங்கிகள் சைரன் ஒலியையும், ஒளிப்படக் கருவிகள் மின்னும் விளக்குகளையும் அறிகின்றன. ஒலி வரும் திசையும் தெரிந்தால்தான் ஊர்தி சரியான பக்கம் ஒதுங்கும்.

• நிலையை உணர்த்தல்: ஊர்தி தானாக இயங்குகிறதா, இனி நகருமா என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியவேண்டும். காயமடைந்தவருக்கு அருகில் மண்டியிட்டு வேலை செய்பவருக்கு இது மிக முக்கியம்.

• பேச்சுத் தொடர்பு: அவசரப் பணியாளர் உதவி மையத்துடன் நேரடியாகப் பேச வழி இருக்கவேண்டும்.

• கைவழி இயக்கம்: தானியக்கத்தை முடக்கிய பின், பணியாளரே ஊர்தியை ஓட்டி ஓரங்கட்ட முடியவேண்டும்.

• மீட்புத் தகவல்: உயர் மின்னழுத்தக் கம்பிகளும் மின்கலமும் எங்குள்ளன என்பதை மீட்புத் தாள்கள் விளக்குகின்றன. ஐஎஸ்ஓ 17840 இதற்கான பன்னாட்டுத் தரம்.

சட்டம்

2024-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், 2026 ஜூலை முதல் இவ்வூர்திகளில் இருவழிப் பேச்சுக் கருவியைக் கட்டாயமாக்குகிறது. அவசர அதிகாரிகள் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு ஆணையிட்டால், அங்கிருந்து விலகவும் அங்கு நுழையாதிருக்கவும் 2 நிமிடங்களுக்குள் நிறுவனம் தன் ஊர்திகளைப் பணிக்கவேண்டும். இவ்வாறு எல்லை வகுப்பது ‘புவிவேலி’ எனப்படும்.

தீராத சிக்கல்கள்

எவரும் எளிதில் ஊர்தியை நகர்த்த முடிந்தால் திருட்டுக்கு இடமாகும். அடையாளச் சரிபார்ப்பு நீண்டால் நோயாளிக்கு ஆபத்து. நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறுவதும் குழப்பம் தரும். கையுறை அணிந்து, சைரன் இரைச்சலில் நிற்பவர் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆம்புலன்ஸில் பெரும்பாலும் இருவரே பணியில் இருப்பர். அவர்களில் ஒருவர் ஊர்தியைக் கவனிக்க நேர்ந்தால், நோயாளிக்கு உதவ ஒருவரே எஞ்சுவார். ஆகவே நல்ல இடைமுகம், பணியாளரின் கைகளையும் கவனத்தையும் நோயாளியிடமே விட்டுவைப்பதாக இருக்கவேண்டும்.