இமைக்கு ஓர் அறுவை

முதுமையில் மேலிமைத் தோல் தளர்ந்து கண்ணை மறைப்பதுண்டு. என் பாட்டி விரலால் இமையைத் தூக்கித்தான் பேருந்துப் பலகையைப் படிப்பார். அறுவை சிகிச்சை என்றதும், “இந்த வயதில் அழகா?” என்று உறவினர் நகைத்தனர்.

அழகுக்காகச் செய்துகொள்வோரும் உண்டு, முறை ஒன்றே. இமையை மரத்துப்போகச் செய்து, இயற்கையான மடிப்பிலேயே கீறி, மிகுதியான தோலை அகற்றித் தைப்பர். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வீக்கமும் கன்றலும் ஓரிரு வாரம் இருக்கும். குளிர் ஒத்தடம் கொடுத்து, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பர். கடும் வலியோ பார்வை மங்கலோ கண்டால் உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். கண்ணோரச் சுருக்கமும் கருவளையமும் இதனால் மறையா.

“அழகு கூடிற்றா, பாட்டி?” என்றேன். “உன் முகம் முழுதாய்த் தெரிகிறதே, போதும்” என்றார்.