மாரியிற் கரையேறிய நீச்சல்காரன்

வாழைச்சேனைக்கு வடக்கே, வாகரைக்குச் செல்லும் வழியிற் கடலோரமாகக் கிடக்கும் சிற்றூர் மாங்கேணி. கார்த்திகை பிறந்ததும் அங்கே வாடை எழும், மழை கொட்டும், கடல் கரையை மோதி இரைச்சலிடும். சித்திரையிற் கண்ணாடிபோற் கிடந்த நீர் இதுதானோ என்று ஐயுறத் தோன்றும்.

அவ்வூரில் என்னிடம் தமிழ் கற்ற இளைஞன் ஒருவன் நெடுந்தூரம் நீந்துவதில் வல்லவன். மாரி மூன்று மாதமும் கரையேறியிருந்துவிட்டு, மாசியில் முன்னைத் தூரத்துக்கே துணிந்து இறங்கினான். பாதிவழியில் தோளிரண்டும் ஓய்ந்தன. தோணிக்காரர் கண்டு தூக்கியிராவிடின் யான் இதனை வேறுவகையாக எழுத நேர்ந்திருக்கும். "ஐயா, கை என் சொற்கேட்கவில்லை" என்றான். அவனுக்கு விடைகூற நன்னூல் உதவவில்லை. வேறு நூல்களைப் புரட்டினேன்.

நன்கு பயின்ற வீரர் பயிற்சியை அறவே விட்டால், உடல் உயிர்வளியை ஏற்கும் உச்ச ஆற்றல் முதல் 21 நாளில் நூற்றுக்கு 7 பங்கும், 56 நாளில் 16 பங்கும் குறைந்ததாக 1984இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. குருதிநீர் சுருங்குதலும், இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதி குறைதலும் தொடக்கநாட் காரணங்கள். ஆனால் 1980களின் வேறு ஆய்வுகள் ஆறுதல் தருவன: கிழமைக்கு ஆறு நாட் பயிற்சியை இரண்டாகக் குறைத்தும், அதன் கடுமையை மட்டும் தளரவிடாதவர் பதினைந்து வாரம் அவ்வாற்றலைப் பெரிதும் காத்தனர். கடுமையைக் குறைத்தவர் இழந்தனர். 'பயில்' என்னும் சொல்லுக்கு இடைவிடாது பொருந்துதல் என்றும் பொருளுண்டு என்பதை இவ்விடத்து நினைந்துகொண்டேன்; பண்டிதர்க்கு இது விடாத வழக்கம்!

கடலும் தனக்கெனப் பருவம் வகுத்தே நீந்துவோரை ஏற்கும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு மிகிர் சென் நீந்தியது 1966 ஏப்பிரலில். இரு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அமைதிக்காலம் அது. நம் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இற் பாக்கு நீரிணையை 51 மணிநேரத்தில் இருமுறை, போகவும் வரவும், நீந்திக் கடந்தார். 1980இற் கொழும்பிலே ஒற்றைக்காலில் 33 மணிநேரம் நின்றதும் அவரே. கடலில்லாதபோதும் பொறுமையைப் பழகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அத்தகையவரும் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். நீர் எவரையும் பெயர்கேட்டுத் தாங்குவதன்று.

ஓட்டம் மூச்சைக் காக்கும். நீச்சற்குரிய தோளைக் காவாது. ஆதலின் பழைய சைக்கிள் டியூப்பைத் தென்னையிற் கட்டி, நீரை வலிக்குமாறே இழுக்கச் சொன்னேன். போட்டிக்காலம் முடிந்ததும் இரண்டு கிழமை ஓய்வையும் தடுத்திலேன். நொந்த தசைக்கு அது வேண்டும். மாசியிற் பாதித்தூரத்திலிருந்தே தொடங்கவேண்டும், உடன் ஒரு தோணி வரவேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

சென்ற மாரியில் மழை சற்றே விட்ட ஒரு காலை அவன் வீட்டுப்பக்கம் போனேன். முற்றத்துத் தென்னையில் டியூப் ஈரத்தோடு தொங்கிற்று. அவன் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். பின்னே அவன் தம்பி, குடையோடு.