மீன் எங்ஙனம் மடிகின்றது?

வலை வீசாத கடலில் மீன் தானே பெருகும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை முதலாம் உலகப் போர் காட்டிற்று.

அப்போர்க் காலத்தில், இத்தாலிக்குக் கிழக்கேயுள்ள அத்திரியாற்றிக் கடலில் மீன்பிடித் தொழில் பெரிதுங் குன்றியது. போரின்பின் உம்பேர்த்தோ தாங்கோனா என்னும் இத்தாலிய விலங்கியலறிஞர், அக்கரையோர நகரங்களின் மீன் சந்தைக் கணக்குகளை ஆராய்ந்தார். பியூமே நகரச் சந்தைக்கு 1914 ஆம் ஆண்டில் வந்த மீனில் சுறா, திருக்கை முதலியன நூற்றுக்கு 11.9 பங்கே, 1918 இல் அவை 36.4 பங்காயின. பிற மீனைத் தின்னும் இனங்களின் பங்கு உயர, மக்கள் விரும்பி உண்ணும் மீன்களின் பங்கு குறைந்தது.

காரணம் யாது? தாங்கோனா இவ்வினாவை உரோமாபுரிக் கணிதப் பேராசிரியர் வீத்தோ வொல்தெராவிடம் கொண்டு சென்றார். அப்பேராசிரியரின் மகளை மணந்தவரும் இவரே. வொல்தெரா 1926 இல் தம் விடையை வெளியிட்டார். வேட்டை மீன் நிலைபெறுதற்குப் போதிய இரைமீன் வேண்டும். வலை அதனையும் பிடிக்குமாயின், அவ்விழப்பை ஈடுசெய்ய இன்னும் மிகுதியான இரை வேண்டும். ஆகவே அளவான மீன்பிடி இரைமீனுக்குத் துணையாகின்றது. வலை நின்றாலோ நன்மை வேட்டை மீனுக்கே.

இஃது இரண்டு இனங்களை மட்டும் கொண்ட கணக்கு. உண்மைக் கடலிலோ எண்ணற்ற இனங்கள் ஒன்றையொன்று உண்டு வாழ்கின்றன. எது எதனை எவ்வளவு உண்கின்றது என்பதை அறிய, மீனின் வயிற்றையே பிளந்து பார்த்தல் வேண்டும். வடகடலை ஆராயும் அறிஞர் 1981 இல் கொட், மக்கரல் முதலிய மீன்களின் பல்லாயிரம் வயிறுகளைச் சோதித்தனர். அவ்வாண்டிற்கு 'வயிற்றின் ஆண்டு' என்றே பெயர் வழங்கலாயிற்று.

வலையினாலன்றி இயற்கையாய் மடிவது ஆண்டிற்கு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு என்று, பல இனங்களுக்கும் ஒரே அளவையே அதுவரை கொண்டிருந்தனர். வயிறுகள் கூறிய செய்தியோ வேறு. இளமீன்களுள் அதனினும் மிகப் பெரும்பங்கு பிற மீன்களின் வாயிலேயே அழிகின்றது. கொட் மீன் தன் இனத்துக் குஞ்சுகளையும் விழுங்குகின்றது.

இதனால் வலைக்குப் பழியில்லை என்று கொள்ளலாகாது. வாய்க்குத் தப்பி வளர்ந்த கொட் மீனைப் பெரிதும் அழிப்பது வலையே. கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் கொட் மீனின் இருப்பை உள்ளதினும் மிகையாய் மதிப்பிட்டு, அளவின்றிப் பிடித்தனர். 1992 இல் அத்தொழிலையே தடைசெய்ய நேர்ந்தது, பல்லாயிரவர் பிழைப்பிழந்தனர்.

மீன் வாய்க்கு இரையாவது எவ்வளவு, வலைக்கு இரையாவது எவ்வளவு என்று பிரித்தறிந்த பின்னரே, நாம் எடுக்கத்தக்கது எவ்வளவு என்று கூறல் இயலும். அக்கணக்குப் பிழைத்தால் கடல் வறிதாதலோடு, கரையிலுள்ள குடும்பங்களின் அடுப்பும் அணைந்துவிடும்.