8 சிப்பா, 16 சிப்பா?

(பெட்டிக்குள் ஒரு பயணம் – 14)

போன வாரம் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினோம். கையோடு கையாக ரேமையும் கூட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

என்னிடம் இருந்தது ஜி41 சிப்செட் டெஸ்க்டாப். இன்டெல் 2008-இல் கொண்டுவந்த சிப்செட் அது. மதர்போர்டில் டிடிஆர்3 ஸ்லாட் இரண்டு. ஒன்றில் 2 ஜிபி ரேம், மற்றது காலி. ‘அதிகபட்சம் 8 ஜிபி’ என்றது கையேடு. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். கிளிப் இரண்டும் ‘டக்’கென்று மூடிக்கொண்டன. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ரேமைக் கழற்றி, தங்க முனைகளை ரப்பரால் துடைத்துப் போட்டேன். ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தேன். ம்ஹும். பழைய 2 ஜிபியை மட்டும் வைத்தால் உடனே உயிர் வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். “ஜி41 போர்டா? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்! அதுக்கு 16 சிப் ரேம்தான் எடுக்கும்” என்றார் கடைக்காரத் தம்பி. டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்து என் ரேமுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு எனக் கறுப்புச் சிப்புகள். என்னுடையதில் ஒரு பக்கம்தான் எட்டு, மறுபக்கம் மொட்டை. இரண்டின் ஸ்டிக்கரிலும் 4 ஜிபி என்றுதான் இருந்தது.

4 ஜிபி என்பது வெறும் கூட்டுத்தொகை. 16 சிப் ரேமில் ஒவ்வொரு சிப்பும் 256 எம்பி, அதாவது 2 ஜிகாபிட். 8 சிப் ரேமில் ஒவ்வொன்றும் 512 எம்பி, 4 ஜிகாபிட். சிப்புக்குள் தகவல் வரிசை வரிசையாகக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது. இந்த 2 ஜிகாபிட் சிப்பின் ஒவ்வொரு பகுதியிலும் 32,768 வரிசைகள். எந்த வரிசை என்று சொல்ல 15 முகவரிக் கம்பிகள் போதும். 4 ஜிகாபிட்டில் வரிசைகள் 65,536. பதினாறாவது கம்பி வேண்டும். ஜி41-இல் அந்தக் கம்பி கிடையாது. ரேமும் நல்ல ரேம், போர்டும் நல்ல போர்டு. பாதி வரிசைகளைக் கூப்பிடத்தான் வழியில்லை.

ரேமின் அடியில் உள்ள பள்ளம் தலைமுறை மாறினால் தடுத்துவிடும். டிடிஆர்4 ரேமை டிடிஆர்3 ஸ்லாட்டில் அழுத்தினாலும் இறங்காது. ஆனால் சிப்பின் அடர்த்தியை அந்தப் பள்ளம் பார்ப்பதில்லை.

லேப்டாப்பிலும் இதே கதைதான். 4-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் டிடிஆர்3-இல் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபியோடு நின்றுவிடும். ஒரே ரேமில் 16 ஜிபி வேண்டுமானால் 8 ஜிகாபிட் சிப் தேவை. அதை ஏற்றது 5-ஆம் தலைமுறைதான். இன்னொரு பொறியும் உண்டு: அந்த லேப்டாப்புகளுக்கு வேண்டியது 1.35 வோல்ட் டிடிஆர்3எல். பழைய 1.5 வோல்ட் ரேமுக்கும் அதே 204 முனைகள், அதே பள்ளம். கச்சிதமாக உட்காரும், வேலை செய்யாது.

எல்லா முட்டுக்கட்டையும் நிரந்தரமல்ல. 2023-இல் டிடிஆர்5-இல் 24, 48 ஜிபி ரேம்கள் வந்தபோது, முன்பே விற்ற பல போர்டுகளுக்குப் பயாஸ் அப்டேட் மட்டுமே போதுமானதாக இருந்தது. அங்கே குறைந்தது மென்பொருள், இங்கே கம்பி. கம்பியை அப்டேட் செய்ய முடியாது.

ஆகவே கடைக்குப் புறப்படும் முன் பிராசஸர், சிப்செட் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து, இருக்கும் ரேமைக் கழற்றி, சிப்புகளை எண்ணுங்கள். முடிந்தால் அந்த ரேமையே கையில் எடுத்துப் போங்கள்.

என் மொட்டை ரேம் வீணாகவில்லை. மச்சான் வீட்டு எச்61 டெஸ்க்டாப்பில் போட்டேன். முதல் தடவையிலேயே 4 ஜிபி என்று காட்டியது.

(அடுத்த வாரம்: ஒரு 8 ஜிபியா, இரண்டு 4 ஜிபியா – எது வேகம்?)